என் வீட்டு மிக்ஸியைத் தவிர

பழவேற்காட்டில் ரிப்பேர் கடை வைக்கப் பெரிய முதல் எதுவும் வேண்டாம். உப்புக் காற்று ஒன்று போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். புது ஃபேன் வாங்கி மாட்டினால் அடுத்த மழைக்குள் அதன் மூடியில் துரு பூத்துவிடும். இஸ்திரிப் பெட்டி, டார்ச் லைட், கேஸ் அடுப்பின் பர்னர் எதுவும் தப்பாது. அதனால் நான் விளம்பரம் எதுவும் செய்வதில்லை. காற்று அடிக்கிறது, ஆட்கள் வருகிறார்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை, இன்னும் நன்றாக ஓடட்டுமே என்று பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டி முடித்ததும் ஒரு ஸ்குரூ மிச்சமாகி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, நீங்கள் தனி ஆள் இல்லை. எனக்கு அதுதான் தொழில், அதுதான் பொழுதுபோக்கும். தொழில் செய்வது ஊரார் பொருளில். பொழுதுபோக்குவது வீட்டுப் பொருளில். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சாக்குப்பைக்குள் போன கதை

என் மனைவி ரேவதியின் மிக்ஸி, எங்கள் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. ஒருநாள் அது லேசாக முனகுகிறது என்றாள். கடைக்கு எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். முனகலுக்குக் காரணம் கண்டுபிடிப்பதற்குள் மீன் விற்கும் தேசம்மா அக்கா வந்துவிட்டார். அவர் மிக்ஸியில் கப்ளர் தேய்ந்து போயிருந்தது. ஜாரை மோட்டாரோடு சேர்த்துப் பிடிக்கிற சின்ன ரப்பர் துண்டுதான் கப்ளர். அது இல்லாமல் மோட்டார் மட்டும் சுற்றும், சட்னி அப்படியே இருக்கும். கடையில் அந்த அளவு இல்லை. பொன்னேரிக்குப் போய் வாங்கி வர அரை நாள் ஆகும். ரேவதியின் மிக்ஸி கைக்கு எட்டும் தூரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. கழற்றி இதில் மாட்டினேன். நாளைக்கு ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நாளைக்கு எத்திராஜ் அண்ணனின் மனைவி சுவிட்ச் போய்விட்டது என்று வந்தார். அதற்கப்புறம் ஒருவருக்குக் கார்பன் பிரஷ், ஒருவருக்கு ஜார் பிளேடு, ஒருவருக்கு மூடி. ரேவதியின் மிக்ஸி தர்மசத்திரமாகிப் போனது. எஞ்சியதைச் சாக்குப்பையில் கட்டி அலமாரிக்கு மேலே போட்டேன். வீட்டில் கேட்கும்போதெல்லாம் பார்ட்ஸ் வரவேண்டியிருக்கிறது என்பேன். அதில் பொய் இல்லை, போன பார்ட்ஸெல்லாம் வரவேண்டியதுதானே. ரேவதி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் அரைக்கப் போய்வந்தாள். தேசம்மா அக்காவோ கடை வாசலில் நின்று என்னை வாயார வாழ்த்திவிட்டுப் போனார்.

"இன்னா குமாரு, புது மிக்ஸி மாதிரி ஓடுது. உன்ன கட்டிக்கினவ குட்த்து வெச்சவ."

வலைக்கு சோப்புத் தூள்

எத்திராஜ் அண்ணன் ஏரியில் நண்டு வலை போடுகிறவர். வலை போடுவதைவிட, ஒட்டிக்கொண்டு வரும் பாசியை உதறி எடுப்பதுதான் பெரிய பாடு என்று எப்போதும் புலம்புவார். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. அவர் மனைவி தாய் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கரைக்கு வந்த வலையை அப்படியே ஈயக் குண்டுகளோடு உள்ளே திணித்து, சோப்புத் தூளையும் தாராளமாகக் கொட்டி, சுற்ற விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் மெஷின் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்து, சுவரில் போய் முட்டி நின்றது. எனக்கு போன் வந்தது.

போய்ப் பார்த்தால் வலை மொத்தமும் அடியில் சுற்றும் தட்டில் ஜடை பின்னினதுபோல் இறுகிக் கிடந்தது. கத்தியை எடுத்தேன். வலையில் ஒரு கண்ணுகூட அறுபடக் கூடாது என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். மெஷினிலிருந்து வலையை எடுக்க விடாததால், வலையிலிருந்து மெஷினை எடுத்தேன், ஒவ்வொரு ஸ்குரூவாக. கடைசியில் தட்டுக்கு அடியில் கையை விட்டு இழுத்தபோது விரலை எதுவோ கவ்வியது. நல்ல பச்சை நண்டு. அத்தனை சுற்றும் சுற்றி, சோப்பில் குளித்து, பளபளவென்று உயிரோடு இருந்தது. நான் அலறிக் கையை உதறியதில் அது எகிறி மூலையில் போய் விழுந்தது. விரலில் ரத்தம் சொட்டுகிறது, நான் துணி தேடுகிறேன். அண்ணன் என் விரலைப் பார்க்கவே இல்லை.

"அத்த வுட்டுடாத நைனா, அது எங்க வலையில வந்த நண்டு."

கருவாட்டுக் காற்று

மழைக்காலத்தில் கருவாடு காயாது. வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் புழு வைத்துவிடும். பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இதற்கு ஒரு வழி செய்தால் என்ன என்று எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். கொசு வலை அடித்த ஒரு மரப்பெட்டி, உள்ளே கம்பியில் மீன் தொங்க வேண்டும், ஒரு பக்கத்திலிருந்து காற்று அடிக்க வேண்டும். ஃபேன் மோட்டார் கையில் இல்லை. அலமாரி மேல் சாக்குப்பை இருந்தது.

மிக்ஸி மோட்டார் மிளகாயைத் தூளாக்கப் பிறந்தது. ரெகுலேட்டரில் மாட்டினாலும் அதன் குணம் போகவில்லை. ஃபேன் இறக்கையை மாட்டி சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் புயல் அடித்தது. தொங்கவிட்ட வாளை மீனெல்லாம் படுத்த வாக்கில் பறந்தன. காய்ந்ததா என்றால், காய்ந்தது. கூடவே வாசனையும் வலையைத் தாண்டிக் கிளம்பி, பக்கத்திலிருந்த காதர் பாயின் ஜவுளிக்கடைக்குள் நேராகப் போய், அடுக்கி வைத்திருந்த புடவை மடிப்புக்குள்ளெல்லாம் குடியேறியது. மதியத்துக்குள் மோட்டார் புகைந்து கருகிப்போய்விட்டது. இனி அந்தச் சாக்குப்பையில் மிக்ஸி என்று சொல்ல வெளிக்கூடு ஒன்றுதான் பாக்கி. அந்தக் கவலையில் நான் உட்கார்ந்திருந்தபோது பாய் மூக்கில் கைக்குட்டையோடு வந்து நின்றார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

"தம்பி, காலையிலேர்ந்து கடைக்கு வர்றவங்க ஒருத்தரும் புடவையத் தொட்டுப் பாக்கல, கருவாடு கிலோ இன்னா வெலைனு கேக்கறாங்க."

பெட்டி கேட்டவருக்கு பிரிட்ஜ்

தேசம்மா அக்கா ஒரு பழைய பிரிட்ஜை மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். யாரோ வேண்டாம் என்று தள்ளியது. பின்னால் இருக்கிற கனமான சமாசாரத்தையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் வடிய அடியில் ஒரு ஓட்டை போட்டுக் கொடு என்றார். ஐஸும் மீனும் போட்டு வைக்க அதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. இந்தப் பக்கம் செத்த பிரிட்ஜுக்கெல்லாம் கரையில் மறுபிறவி உண்டு.

கழற்ற உட்கார்ந்தவன் பின்பக்கம் திறந்து பார்த்தேன். கம்ப்ரசர் நன்றாகவே இருந்தது. அதை ஓடவைக்கிற சின்ன ரிலே ஒன்றுதான் போயிருந்தது. உயிருள்ளதைப் பெட்டியாக்க எனக்கு மனசு வரவில்லை. ரிலே மாற்றினேன், கதவு ரப்பரைக் கழுவினேன், உள்ளே பல்பு போட்டேன், வெளியே துருவைத் தேய்த்து பெயிண்ட்கூட அடித்தேன். அக்கா வந்ததும் கதவைத் திறந்து காட்டினேன். விளக்கு எரிந்தது, குளிர் முகத்தில் அடித்தது. பாராட்டை எதிர்பார்த்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு அந்த ஒயரைத் தூக்கிப் பிடித்தார்.

"பொட்டி கேட்டா பிரிட்ஜு குடுக்கற. இத்த நான் எங்க கொண்டு போயி சொருவறது, ஏரியிலயா?"

திரும்பத் தெரியாத ஃபேன்

எளாவூரில் செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர் ஒரு மேஜை ஃபேனோடு வந்தார். தலை திரும்பவில்லையா என்றேன். நன்றாகத் திரும்புகிறது, அதுதான் தொல்லை என்றார். மூலை மேஜையில் லாரி டிரைவர்கள் ஒரு டீயைச் சொல்லிவிட்டுக் காற்று வாங்கித் தூங்கிவிடுகிறார்களாம். இருபது வருஷத் தொழிலில் ஓடாததை ஓட வைக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். பாதியில் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்கிற ஃபேனை அன்றைக்குத்தான் செய்தேன். செய்து கொடுத்ததும் மனிதர் நாலு தரம் ஓட்டிப் பார்த்தார்.

"கரெக்ட்டு நைனா, காத்து மூலைக்கு வராத திரும்பிச்சுன்னா டிரைவரு தன்னால எந்திரிச்சுப் பூடுவான்."

பொன்னேரி பஸ்

இப்படி ஊர் வேலை ஜோராக நடந்துகொண்டிருந்தபோது ரேவதியின் அண்ணன் பொன்னேரியிலிருந்து போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறாராம், நண்டு மசாலா வேண்டுமாம். பேச்சுவாக்கில் மிக்ஸி எப்படி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார். ரேவதி உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அதற்கென்ன, வரும்போது புதுசு ஒன்று வாங்கி வந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

அன்பர்களே, இதன் பயங்கரம் உங்களுக்குப் புரியும். பொன்னேரி பஸ் வந்து நிற்கும். மிக்ஸி படம் போட்ட அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைத்துனர் இறங்குவார். என் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். மிக்ஸி ரிப்பேர்க்காரன் வீட்டுக்குப் புது மிக்ஸி வருகிறது என்றால் அப்புறம் எவர் என் கடைப் படி ஏறுவார்? ஒரு அட்டைப் பெட்டியில் என் பிழைப்பு முடிந்துபோகும். உண்மையாகவே பயந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போய் மோட்டார் முதல் மூடி வரை எல்லாம் வாங்கி வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். ரேவதி நம்பின மாதிரி தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் நீ மெக்கானிக்கு, எனக்கு மட்டும் நாளைக்கு நாளைக்குனு சொல்ற ஆளு. ஞாயித்துக்கெழம அண்ணன் வர்றதுக்குள்ள ஓடல, பொட்டி வந்து எறங்கும், பாத்துக்க."

ஜாருக்குள் சீட்டு

வியாழக்கிழமை சாயங்காலம் இடி இடித்து, டிரான்ஸ்பார்மரில் நெருப்பு பறந்தது. வெள்ளிக்கிழமை காலை சென்னை பஸ் பிடிக்கப் பையோடு கிளம்பியவன் கடை வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் கூட்டம். மின்சாரம் எகிறியதில் கரையோரம் முழுக்க மிக்ஸிகள் ஊமையாகிவிட்டன. அம்மியில் அரைக்கலாமே என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். இந்தப் பக்கத்து அம்மிக்கல்லும் குழவியும் படகுக்கு நங்கூரமாகப் போய் வெகுகாலம் ஆகிறது. எனக்குத்தான் முதலில் என்று ஆளாளுக்குச் சத்தம். பிரிட்ஜுப் பெட்டித் தகராறில் இன்னும் என்மேல் கோபமாக இருந்த தேசம்மா அக்காவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மனைவிக்குத் துணையாக வந்திருந்த எத்திராஜ் அண்ணன்தான் ஏரி முறைப்படி பாடு வைத்துவிடலாம் என்றார். ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்துவிட்டால் அப்பன் பிள்ளையானாலும் அதில் வாய் வைக்க முடியாது. ஆனால் அதெல்லாம் ஆண்களுக்கு. பெண்கள் பெயரில் ஏரியில் பாடு கிடையாது. ஆகவே கூட்டம் கொஞ்சம் தயங்கியது. தேசம்மா அக்கா தன் மிக்ஸியை மேஜையில் ணங்கென்று வைத்து, ஏரியிலதான் எங்களுக்குப் பாடு இல்ல, மிக்ஸியிலயாவது இருக்கட்டும் என்றார். பேச்சு முடிந்தது. மிக்ஸி ஜார் ஒன்றிலேயே பெயர்ச் சீட்டுகளைப் போட்டோம். வரிசையில் தன் வீட்டு மிக்ஸி இல்லாத காதர் பாயைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம்.

அந்த நேரம் ரேவதி வந்தாள். அலமாரி மேலிருந்த சாக்குப்பையை இறக்கி வரிசையில் வைத்தாள், ஒரு சீட்டில் தன் பெயரை எழுதி ஜாருக்குள் போட்டாள். கடைக்காரன் பெண்டாட்டிக்கு என்ன வரிசை என்று யாரும் கேட்கவில்லை. பாய் ஜாரைக் குலுக்கிச் சீட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். ரேவதி.

பாடு விழுந்தாகிவிட்டது. எல்லோரும் பார்க்க நான் சாக்கை அவிழ்த்து, காலிக் கூட்டை மேஜையில் வைத்தேன். மோட்டார் எங்கே என்று கேட்டாள் ரேவதி. கருவாட்டில் போய்விட்டது என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். கப்ளர் எங்கே என்றாள். என் கண் தானாகத் தேசம்மா அக்காவின் மிக்ஸிப் பக்கம் போனது. சுவிட்ச் எங்கே என்றாள். எத்திராஜ் அண்ணன் மனைவி தன் மிக்ஸியை முந்தானையால் மூடினார். பிரஷ், பிளேடு, மூடி என்று அவள் கேட்கக் கேட்க, வரிசையில் ஒவ்வொருவராக இடுப்பிலிருந்த மிக்ஸியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். என் மனைவியின் மிக்ஸி ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ரேவதி என்னைப் பார்த்தாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன மாதங்களெல்லாம் அவள் முகத்தில் வந்து நின்றன. அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தேசம்மா அக்காதான் முன்னால் வந்தார்.

"பாடு வந்தவன் தோணி ஓட்டையாப் பூட்டா, அவன் எடத்துல வலைக்கு எறங்கனவன் அவன் வூட்டுக்குக் கொழம்பு மீனு குட்த்துட்டுத்தான் போவணும். நாங்க மாத்தி மாத்தி அரைச்சுக் குட்த்துடறோம் ரேவதி, நாயித்துக்கெழம என் பாடு."

ஞாயிற்றுக்கிழமை

சென்னை பஸ்ஸை விட்டுவிட்டு, அன்றும் மறுநாளும் நான் நிமிரவே இல்லை. சீட்டு வரிசைப்படி ஒவ்வொரு மிக்ஸியாகப் பேச வைத்தேன். பெரும்பாலும் ஓவர்லோடு சுவிட்சும் ஒயரும்தான் போயிருந்தன. இதற்கெல்லாம் நடுவில் ரேவதி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி பஸ் வந்தது. மைத்துனர் பெட்டியோடு இறங்கினார். டீக்கடையில் இருந்தவர்கள், ஐஸ் வண்டிக்காரர்கள், ஜவுளிக்கடை வாசலில் காதர் பாய் என்று பஸ் ஸ்டாண்டே திரும்பி அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தது. நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவர் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தேன். தலை நிமிரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் தேசம்மா அக்கா தூக்குச் சட்டியில் மசாலா அரைத்துக் கொண்டு வந்து இறக்குகிறார். எத்திராஜ் அண்ணன் மனைவி தேங்காய் அரைத்து அனுப்பியிருந்தார், கூடவே அண்ணன் வலையில் வந்த நண்டும். யாரோ இஞ்சி பூண்டு, யாரோ சட்னி. தங்கள் பாடு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் முன்னாலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மைத்துனர் பெட்டியை வைத்து, பிரித்துப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, ஊர்ல எனக்கு அஞ்சு மிக்ஸி ஓடுது என்றாள் ரேவதி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நண்டு புரிந்தது. சாயங்கால பஸ்ஸில் அவரும் பெட்டியும் பொன்னேரிக்குத் திரும்பினார்கள். காலையில் வந்த பெட்டி பிரிக்காமலே திரும்பிப் போனதை அதே பஸ் ஸ்டாண்ட் பார்த்தது. குமார் பழசையே புதுசாக்கிவிட்டான், அதனால்தான் திருப்பிவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. மறுநாளிலிருந்து எளாவூரிலிருந்துகூட மிக்ஸிகள் வர ஆரம்பித்தன.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சென்னைக்குப் போய் மோட்டார், கப்ளர், சுவிட்ச், மூடி எல்லாம் புதிதாக வாங்கி வந்தேன். வீட்டுக் கூடத்தில் சாக்கை விரித்து, ரேவதி பார்க்கவேண்டும் என்றே சத்தமாக ஸ்குரூக்களைக் கொட்டினேன். அன்றைக்கு யாருடைய பாடோ, வாசலில் தூக்கு வந்து இறங்கியது. அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தவள், பல நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த ஸ்குரூடிரைவரை மெதுவாகப் பிடுங்கினாள்.

"அத்த அப்டியே மூட்ட கட்டி மேல போடுய்யா. இது ஓட ஆரம்பிச்சா அப்பறம் ஒருத்தியும் எனக்கு அரைச்சுக் குடுக்க மாட்டா."

ஊரில் எத்தனையோ ரிப்பேர் செய்திருக்கிறேன் அன்பர்களே, ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே சமயத்தில் நல்ல பேர் வாங்கித் தந்தது நான் ரிப்பேர் செய்யாமல் விட்ட அந்த ஒரு மிக்ஸிதான்.